ஜார்ஜ்டவுன் படப்பிடிப்பு நடை: எதற்குக் காசு கொடுக்கலாம், எங்கே சும்மாவே உண்மை கிடைக்கும்

பினாங்கு இதுவரை பாங்காக்காக நடித்திருக்கிறது, பிரெஞ்சு இந்தோசீனாவாக நடித்திருக்கிறது, ஹாங்காங்காக, சிங்கப்பூராக, ஏன், சிம்லாவாகக்கூட நடித்திருக்கிறது. பினாங்காகவே நடித்ததுதான் குறைவு. அதனால்தான் ஜார்ஜ்டவுனில் 'ஷூட்டிங் ஸ்பாட்' காட்டும் நடைச்சுற்றுகளுக்கு எப்போதும் ஆள் இருக்கிறது.

முதலில் அந்தச் சுற்றுகளைப் பற்றி. வழக்கமாக இரண்டு மூன்று மணி நேரம். வழிகாட்டி ஓர் அஞ்சடியில் (கடைவீடுகளின் முன்னால் ஓடும் கூரை போட்ட நடைபாதையில்) நிறுத்துவார், "இங்கேதான் ஜோடி ஃபோஸ்டர் நடந்தார்" என்பார், படம் எடுத்துக்கொள்வீர்கள், அடுத்த முக்குக்குப் போவீர்கள். நடிகை நடந்த இடம் தெரிந்து என்ன ஆகப்போகிறது? அந்தப் படம் எந்த ஊரின் எந்த ஆண்டைக் காட்டுவதாகச் சொன்னது, அந்த ஆண்டில் இந்தச் சுவர் இருந்ததா, அந்தக் கதை நடந்ததா என்பதைச் சொல்லும் வழிகாட்டி கிடைத்தால் கொடுக்கிற வெள்ளி செரிக்கும். கிடைக்காவிட்டால் நீங்களே நடப்பது மேல். ஒரு காலையும் ஒரு மதியமும் போதும். நான்கு இடங்கள். அவற்றில் சிறந்த இடத்துக்கு டிக்கெட்டே கிடையாது.

கிளம்பும் முன் ஒரு வேலை இருக்கிறது. படங்களை அந்த வாரத்திலேயே பார்த்துவிட்டு, தெருக் காட்சிகளைக் கைப்பேசியில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். முகம் பெரிதாகத் தெரியும் காட்சி உதவாது. தெரு முழுவதும் தெரியும் அகலக் காட்சி வேண்டும். இடத்தைப் பொருத்திப் பார்க்கும்போது கீழ்த்தளத்தைப் பார்க்காதீர்கள், கடைகள் மாறிக்கொண்டே இருக்கும். மாடி ஜன்னல்களின் எண்ணிக்கை, இரண்டு வீட்டுக்கு நடுவே இருக்கும் ஒட்டுத்தூண், கூரையின் முகடு இந்த மூன்றும் பெரும்பாலும் மாறாது. 1999ஆம் ஆண்டுக்கு முன் எடுத்த படங்களுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. பழைய வீடுகளின் வாடகையை ஏறவிடாமல் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 தொடக்கத்தில் நீங்கியது, யுனெஸ்கோ பட்டியலில் ஊர் ஏறியது 2008இல். அந்தக் கதாபாத்திரங்களுக்குப் பின்னால் தெரியும் வீடுகள், குடித்தனக்காரர்கள் குடியிருந்த வீடுகள். இன்று அதே வாசலில் காப்பி இயந்திரம் உறுமுகிறது.

காலை எட்டரைக்கு ஜாலான் சுல்தான் அகமட் ஷாவில் இருக்கும் பழைய புரொட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டத்தில் தொடங்குங்கள். பழைய பெயர் நார்தாம் ரோடு. கெம்போஜா மரங்களின் கீழே கற்கள் சாய்ந்து கிடக்கும் இடம். எல்லோரும் பினாங்கை நிறுவிய பிரான்சிஸ் லைட்டின் கல்லறையைத் தேடிப் போவார்கள். 1794இல் இறந்தவர். அவருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு நீங்கள் தேட வேண்டியது தாமஸ் லியோனோவென்ஸ் என்பவரின் கல்லை. 1859 மே மாதத்தில் பினாங்கில் இறந்தவர். சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போன அன்னாவின் கதையை ஜோடி ஃபோஸ்டரை வைத்து 1999இல் 'அன்னா அண்ட் தி கிங்' என்று படமாக்கினார்கள். அந்த நிஜ அன்னாவின் கணவர் இவர்.

இந்த ஒரு கல்லுக்காகவே இந்த நடை. கதை என்ன? கணவர் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, புலி வேட்டைக்குப் போய் வெயில் தாக்கி இறந்தார் என்று அன்னா ஊரெல்லாம் சொல்லி வைத்தார். தான் 1834இல் வேல்ஸில் பிறந்த நல்ல குடும்பத்துப் பெண் என்றும் சொன்னார். ஆவணங்கள் வேறு சொல்கின்றன. அவர் பிறந்தது 1831இல், பம்பாய் மாகாணத்தின் அகமத்நகரில். தாய்வழியில் இந்திய ரத்தம் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். கணவர் அதிகாரி அல்ல, எழுத்தர் வேலை பார்த்தவர், பினாங்கில் ஹோட்டல் நடத்தும் பொறுப்பில் இருந்தபோது இறந்தார். குடும்பப் பெயர்கூட ஓவன்ஸ்தான். லியோன் என்ற நடுப்பெயரை அதோடு ஒட்டியதில் ஒரு கம்பீரமான புதுப்பெயர் கிடைத்தது. விதவையான பின் அன்னா சிங்கப்பூர் போய் ஒரு சின்னப் பள்ளி நடத்தினார். 1862இல் சயாம் அரண்மனைக்குப் போகும்போது பழைய வாழ்க்கையைப் பினாங்கிலேயே புதைத்துவிட்டுத்தான் போனார். 1970களில் இதைத் தோண்டி எடுத்தவர் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயர். வரலாற்றாசிரியர் அல்ல, சிலந்தி ஆராய்ச்சியாளர்! அன்னாவின் மகன் லூயிஸைப் பற்றி எழுத உட்கார்ந்தவர், வேல்ஸ் பிறப்புப் பதிவில் அன்னாவைத் தேடிக் காணாமல் நூலைப் பிடித்துக்கொண்டு போனார்.

படத்தின் மற்ற புளுகுகளும் இந்தக் கல்லின் முன்னால் நின்றால் வரிசையாக நினைவுக்கு வரும். சயாம் மன்னர் மோங்குட் பிறந்தது 1804இல். அன்னா வந்தபோது அவருக்கு ஐம்பத்தேழு வயது, அதற்கு முன் இருபத்தேழு ஆண்டுகள் துறவியாக இருந்தவர். திரையில் நாற்பதுகளில் இருக்கும் சௌ யுன் ஃபாட் வாட்டசாட்டமாக நடனமாடுகிறார். பாலத்தை வெடி வைத்துத் தகர்க்கும் கடைசிக் காட்சிக்கு வரலாற்றில் இடமே இல்லை. உண்மையில் நடந்தது அதைவிடச் சினிமாத்தனமானது. வானியல் படித்த அந்த மன்னர் 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தைத் தானே கணித்தார், அதைப் பார்க்கக் காட்டுப் பகுதிக்குப் பரிவாரத்தோடு போனார், அங்கே பிடித்த மலேரியாவில் சில வாரங்களில் இறந்தார். கையில் இப்படி ஒரு முடிவு இருக்கும்போது பாலத்தைப் போய் ஏன் வெடிக்க வைத்தார்களோ. தாய்லாந்து அரசு திரைக்கதையைப் பார்த்துவிட்டுப் படப்பிடிப்புக்கு அனுமதி மறுத்தது, வந்த படத்தையும் தடை செய்தது. அதனால்தான் படம் மலேசியாவுக்கு வந்தது. கணவர் புதைந்த ஊரிலேயே அவரைப் பற்றிய பொய்யைப் படம் பிடித்திருக்கிறார்கள் என்பது படக்குழுவில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ.

கல்லை வாசிக்கும் முறை: உச்சி வெயிலில் போனால் எழுத்து தெரியாது. வெளிச்சம் நேராக விழும்போது பள்ளத்தில் நிழல் விழாது. காலைச் சாய்வு வெயில் சரி. மர நிழலில் இருக்கும் கல்லுக்குக் கைப்பேசி விளக்கைக் கல்லின் பக்கவாட்டில், ஏறக்குறைய கல்லோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள், ஒருவர் விளக்கு, ஒருவர் கேமரா. சாக்பீஸ், மாவு, கம்பி பிரஷ் எதையும் கொண்டுபோகாதீர்கள். மாவும் சாக்கும் கல்லின் துளைக்குள் போய்த் தங்கும், பிரஷ் எழுத்தின் விளிம்பையே உதிர்க்கும். கொசு மருந்து பூசிக்கொள்ளுங்கள், முழுக்கால் சட்டை போடுங்கள், வேர் தட்டி விழாதிருக்கச் செருப்பைவிட ஷூ நல்லது.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் லெய்த் தெரு, 14ஆம் எண், நீல மாளிகை. சியோங் ஃபாட் சே என்ற ஹக்கா வணிகர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. 38 அறைகள், கருங்கல் பாவிய 5 முற்றங்கள், 7 மாடிப்படிகள், 220 ஜன்னல்கள். 1992இல் வந்த 'இந்தோசீன்' என்ற பிரெஞ்சுப் படத்தில் இது பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட வியட்நாமின் உலகத்துக்குள் நுழைந்தது. அந்தப் படம் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. 2018இல் 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' படத்தின் மாஜோங் காட்சிக்கு மறுபடி வேடம் கட்டியது, இந்த முறை சிங்கப்பூராக.

உள்ளே போகச் சுற்றுக்கான டிக்கெட் வேண்டும். இது தங்கும் விடுதியாகவும் உணவகமாகவும் இயங்குகிறது, ஆகவே எல்லாக் கதவும் திறக்காது. நேரங்கள் மாறும், முன்னாலேயே பதிந்துகொண்டு போங்கள். வழிகாட்டியோடு போகும் சுற்று கிடைத்தால் அதையே எடுங்கள். எங்கள் கணக்கில் இந்த நடையில் காசு கொடுக்கத் தகுந்த முதல் இடம் இதுதான். காரணம் சினிமா அல்ல, சுவர்.

அந்த நீலம் பெயின்ட் அல்ல, சுண்ணாம்புப் பூச்சு. நீறிய சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சலித்து, பால் பதத்துக்குக் கரைத்து, அதில் அவுரி நீலம் கலந்து அடிப்பது. அவுரி இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தது. அடிக்கும் முன் சுவரை நனைக்க வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்த சுவர் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு சுண்ணாம்பு பொடியாக உதிரும். முதல் கை அடித்ததும் ஒன்றுமே ஏறாதது போலக் கண்ணாடியாகத் தெரியும். பயந்துபோய்க் கனமாக அடித்தால் வெடிக்கும். மெல்லிசாக மூன்று நான்கு கை, ஒவ்வொன்றும் காய்ந்த பின் அடுத்தது. காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும்போதுதான் நிறம் எழும். ஒரே சுவரில் ஒரு மூலை மேகம் போலவும் இன்னொரு மூலை மை போலவும் இருப்பது குறையல்ல, அதுதான் அடையாளம். மழையில் நிறம் கரைந்து வெளுக்கும், திரும்ப அடிக்க வேண்டியிருக்கும்.

இதைக் கண்ணில் ஏற்றிக்கொண்டால் சரித்திரப் படங்களை இனிப் பழைய மாதிரி பார்க்க முடியாது. செட்டில் அடித்த பிளாஸ்டிக் பெயின்ட் ஒரே சீராக, அட்டை போலத் தெரியும். அழுக்குக்காகத் தெளித்த சாயம் கண் மட்டத்தில் அதிகமாக இருக்கும். நிஜச் சுவரின் ஈரக்கறை தரையிலிருந்து ஏறும், ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் கோடு போட்டது மாதிரி நிற்கும். ஊரில் இருக்கும் மற்றக் கடைவீடுகளையும் இதே ஒரு மீட்டர் உயரத்தில் பாருங்கள். பழைய செங்கல் சுவரின் மேல் சிமெண்டும் எமல்ஷனும் பூசிய இடமெல்லாம் கொப்புளித்திருக்கும். ஈரம் வெளியேற வழி இல்லை, உப்பு உள்ளேயிருந்து தள்ளுகிறது.

உள்ளே கிளாஸ்கோ வார்ப்பிரும்பு, இங்கிலாந்துத் தரை ஓடு, வண்ணக் கண்ணாடி. கூரையோரத்தில் சீனக் கிண்ணங்களை உடைத்து ஒட்டிய 'சியென் நியென்' வேலைப்பாடு. இடுக்கியால் கிண்ணத்தின் வளைவைப் பார்த்து நறுக்கி, பூவிதழுக்குக் கிண்ணத்தின் விளிம்பையும் இலைக்குத் தட்டையான அடியையும் எடுத்திருப்பார்கள். கழுத்து வலித்தாலும் இரண்டு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். இந்தக் கலவை வணிகத் துறைமுகமான பினாங்கின் உண்மை. பிரெஞ்சு சைகோனின் உண்மை அல்ல. 'இந்தோசீன்' பார்த்தவர்களுக்குப் படத்தின் கதையை விடப் படம் எடுத்த காலமே இன்று ஆவணம். சியோங் ஃபாட் சே 1916இல் இறந்தார். கடைசி மகன் இறக்கும் வரை வீட்டை விற்கக் கூடாது என்று உயில், 1989இல்தான் கை மாறியது. மறுசீரமைப்பு முடியும் முன்பே கேமரா உள்ளே வந்துவிட்டது.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஆர்மேனியன் தெரு. கால் வலித்தால் ஊருக்குள் சுற்றும் கேட் பஸ் இலவசம். இங்கேயும் பக்கத்திலிருக்கும் கூ கொங்சி என்ற சீனக் குலச்சங்கக் கோயில் வளாகத்திலும் 'அன்னா அண்ட் தி கிங்' எடுத்தார்கள். கூ கொங்சியின் முந்தைய கோயில் 1901இல் எரிந்தது, இப்போது நிற்பது 1906இல் முடிந்தது. கதை நடப்பதோ 1862இல். கட்டடம் கதையைவிட நாற்பத்து நான்கு வயது இளையது.

ஒரு கடைவீட்டின் வயதைத் தெருவில் நின்றே சொல்லக் கற்றுக்கொள்வது கடினமில்லை. குட்டையான இரண்டு மாடி, மாடியில் பலகைக் கதவு, அலங்காரம் ஏதும் இல்லை என்றால் முற்காலப் பினாங்கு பாணி, 1850களோடு முடிந்தது. அடுத்தது தென்சீனக் கலப்பு, 1840களிலிருந்து நூற்றாண்டு முடிவு வரை. தரையைத் தொடும் நீள ஜன்னல், மேலே பிறைக் கண்ணாடி, சுண்ணாம்புப் பூவேலை வந்துவிட்டால் 1890களுக்குப் பிந்தியது. பூவேலை அள்ளிக் கொட்டியிருந்தால் 1920கள். வளைந்த மூலை, நேர்க்கோடு, கொடிக்கம்பம் என்றால் ஆர்ட் டெகோ, 1930களுக்கு மேல். ஆக, 1862 என்று எழுத்துப் போட்ட காட்சியில் பிறைக் கண்ணாடியும் பூமாலையும் தெரிந்தால் அங்கேயே நிறுத்தலாம். கூரையும் சொல்லும். வளைந்த சிறு ஓடுகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்திருந்தால் பழையது, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் தட்டை ஓடு பிந்தியது. கை ரிக்‌ஷாவும் ஒரு நல்ல பொறி. ஜப்பானிலேயே அது 1869 வாக்கில்தான் வந்தது.

படக்குழுவினர் தெருவை எப்படி மூடுகிறார்கள் என்பதையும் இங்கே நின்று யோசிக்கலாம். தார் ரோட்டின் மேல் செம்மண் கொட்டிப் பரப்புவார்கள். மஞ்சள் கோடு மறைய அது போதும், ஆனால் சாக்கடை மூடிக்குப் போதாது, அதன் மேல் வைக்கோல் அல்லது கூடை. மின்சாரப் பெட்டிக்கு முன்னால் மாட்டு வண்டி நிற்கும். ஏர்கண்டிஷன் பெட்டியை மறைக்க மூங்கில் தட்டி தொங்கும். ஒரு பழங்காலத் தெருவில் காரணமே இல்லாமல் மூங்கில் தட்டி அதிகமாக இருந்தால் பின்னால் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒயர்களை இப்போது கணினியில் அழித்துவிடுகிறார்கள்.

அதே தெருவில் 120ஆம் எண், சீன மன்னராட்சியைக் கவிழ்க்கப் போராடிய புரட்சித் தலைவர் சன் யாட்-சென்னின் அருங்காட்சியகம். சிறு கட்டணம். மெக்காலிஸ்டர் ரோட்டில் இன்னொரு சன் யாட்-சென் நினைவகம் இருக்கிறது, வாடகைக் கார் ஓட்டுநர் அங்கே கொண்டுபோய் விட்டுவிடலாம், தெருப் பெயரைச் சொல்லி ஏறுங்கள். சன் யாட்-சென்னின் பினாங்கு மாதங்களைப் பற்றி 2007இல் ஒரு சீனப் படம் வந்தது. பினாங்கு பினாங்காகவே நடித்த அபூர்வம்! ஆனால் பார்த்துவிட்டு வருகிறவர்கள் செய்யும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். சீனாவில் எழுச்சி நடத்தத் திட்டமிட்ட புகழ்பெற்ற பினாங்கு மாநாடு 1910 நவம்பர் 13 அன்று நடந்தது இந்த வீட்டில் அல்ல. டத்தோ கிராமாட் ரோட்டில் அவர் குடும்பத்தோடு இருந்த வீட்டில். அந்த வீடு இன்று இல்லை. அதையடுத்து இந்த 120ஆம் எண்ணில் அவசரக் கூட்டம் போட்டு, அந்த ஓர் இரவிலேயே 8,000 டாலர் திரட்டினார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் குவாங்சோவில் வெடித்த எழுச்சிக்குப் பினாங்குக் கடைக்காரர்களின் பணம் போனது இப்படித்தான். படம் பார்க்கிற கண்ணுக்குக் கட்டடம் ஒன்று வேண்டும், நிற்கிற கட்டடத்தில் எல்லாச் சம்பவத்தையும் அடுக்கிவிடுகிறது. வீட்டின் உள்ளே நீளமாக நடந்து பின்கட்டு வரை போய் வாருங்கள். தெருப் பக்கம் ஒரு கடை அகலம்தான், ஆழம் எதிர்பாராதது. ரகசியக் கூட்டத்துக்கு ஏன் இப்படி ஒரு வீடு என்பது நடந்தால் புரியும்.

பினாங்கு மலையைச் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 2015இல் வந்த 'இண்டியன் சம்மர்ஸ்' தொடரைப் பார்த்திருந்தால் மட்டும், தனியாக ஒரு நாள் வைத்துக்கொண்டு. கொம்தாரிலிருந்து 204ஆம் எண் பஸ். 1932ஆம் ஆண்டுச் சிம்லாவை இங்கே எடுத்தார்கள். சிம்லா 2,200 மீட்டர், பனி விழும், தேவதாரு மரம். நம் மலையின் உச்சி 833 மீட்டர், மரப்பெரணி. தாவரம் தெரிந்தவர்கள் முதல் காட்சியிலேயே சிரித்துவிடுவார்கள். ஆனாலும் மேலே சொன்ன எல்லாப் படங்களிலும் மனசுக்கு ஒத்துக்கொள்ளக்கூடிய பொய் இதுதான். இரண்டு ஊரிலும் துரைமார் வெயிலுக்குப் பயந்து மலையேறியவர்கள், இரண்டிலும் பல்லக்கும் மூட்டையும் தூக்கியவர்கள் கீழேயிருந்து போனவர்கள். மரம் தப்பு, ஏற்பாடு சரி.

நம்மவர்கள் எங்கே என்ற கேள்வி நடை முழுக்கக் கூடவே வரும். 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' படத்தில் இந்திய முகங்கள் பெரும்பாலும் காவல்காரராகவும் ஏவலாளாகவும் வந்து போனதைப் பலரும் அப்போதே கண்டித்தார்கள். அந்தப் பணக்காரச் சீனக் குடும்பத்தின் மாளிகையாக வந்தது கோலாலம்பூரின் கார்கோசா வட்டாரம், வெள்ளைக்கார அதிகாரி சுவெட்டன்ஹாமின் பழைய குடியிருப்பு. பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801இல் தொடங்கியது, குயின் தெரு மாரியம்மன் கோயில் 1833. அன்னா பினாங்குக்கு வந்தபோது அவை இரண்டும் ஊரின் பழைய அடையாளங்கள் ஆகிவிட்டன. 1860களின் துறைமுகத்தைத் திரையில் காட்டுகிறவர்கள் சூலியா என்ற தமிழ் முஸ்லிம் வணிகரையும் படகோட்டியையும் செட்டியாரையும் விட்டுவிட்டால் அது தப்பான தேதியைவிடப் பெரிய தப்பு. ஆனால் இந்தத் தப்புக்குப் பிரேமை நிறுத்திக் காட்ட எதுவும் இருக்காது. இல்லாததை எப்படி நிறுத்திக் காட்டுவது?

ஆகவே நடையைப் பினாங்குத் தெருவில் முடியுங்கள். ஆர்மேனியன் தெருவிலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம். செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கிகள் இருந்த தெரு. ஒரே நீளக் கூடத்தில் பல பெட்டியடிகள், ஒவ்வொரு முதலாளிக்கும் ஒரு மரப்பெட்டி, தரையில் பாய், தாழ்ந்த மேசை, கணக்கெழுத ஓர் ஆள். ஈயத்துக்கும் ரப்பருக்கும் கடன் இங்கிருந்து போனது. வெளிச்சம் மாலை ஐந்துக்கு மேல் மேற்கிலிருந்து சாய்ந்து வரும், மாடிப் பூவேலை அப்போதுதான் எடுப்பாகத் தெரியும். படம் எடுக்க முப்பது மில்லிமீட்டருக்குக் குறைந்த லென்ஸ் வேண்டும், தெரு குறுகல். எதிர் அஞ்சடியில் தூணோடு ஒட்டி நின்றால் முழு முகப்பும் சட்டத்துக்குள் வரும்.